பிரெஞ்சுப் புறநகர்ப் படங்கள்: பரிந்துரை வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். பிரான்சின் முன்னாள் காலனிகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளை அந்நாட்டுத் திரைப்படங்கள் சித்திரிக்கும் விதம் குறித்துக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். மத்தியூ காசோவிட்சின் 'லா ஏன்' (1995), லாஜ் லியின் 'லே மிசெராப்ள்' (2019) ஆகிய இரண்டிலும், குடியேறியவர்களின் குடும்பங்கள் செறிந்து வாழும் பாரிஸ் புறநகர் இளைஞர்களின் கதையை நகர்த்துவது காவல்துறையுடனான மோதலே என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இத்தனைக்கும் லாஜ் லி அந்தச் சூழலில் வளர்ந்தவர். 2018 உலகக் கோப்பைக் கால்பந்துக் கொண்டாட்டத்தில் பிரான்சின் மூவர்ணக் கொடியைப் போர்த்திக்கொண்டு ஆர்ப்பரிக்கும் கறுப்பினச் சிறுவனோடு அவர் படம் தொடங்கும்போது, குடியரசு இவனைத் தன் பிள்ளையாக ஏற்பது அந்த ஒரு நாளுக்கு மட்டும்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

காவலரும் போதைப்பொருளும் மையமாக இல்லாமல், வீடு, பள்ளி, வேலையிடம் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த படங்களை, குறிப்பாகப் பெண்கள் இயக்கியவற்றை, அறிந்தவர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். அலீஸ் தியோப்பின் 'சாந்தோமேர்' (2022) பார்த்துவிட்டேன். ஷோபாசக்தி நடித்து, 2015 கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற, பிரான்சில் அடைக்கலம் தேடும் ஈழத்து அகதிகளைப் பற்றிய 'தீபன்' படத்தை இவ்வரிசையில் சேர்க்கலாமா என்பதிலும் தயக்கம் உள்ளது. ஈழத்து அகதிகள் பிரெஞ்சுக் காலனி வரலாற்றின் வழியாக அங்கே சென்றவர்கள் அல்லர். பிரான்சில் வாழும் நண்பர்களின் கருத்தை இதில் பெரிதும் எதிர்பார்க்கிறேன்.