குளத்தில் கிடக்கும் நீல மாஸ்க் மக்குமா?

நொய்யல்கரை: "மாஸ்க் துணிதானுங்க, தண்ணியில கிடந்தா மக்கிடும், இதுக்குப் போய் மைக்ரோபிளாஸ்டிக்னு பயமுறுத்தாதீங்க" என்று நேற்று பனியன் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. அந்த நீல மாஸ்க்கின் மூன்று அடுக்கும் பாலிபுரொப்பிலீன். அரிசி வருகிற வெள்ளைச் சாக்கும் அதே பிளாஸ்டிக்தான். எப்படி மக்கும்?

பனியன்: துணியைப் பற்றித் திருப்பூர்க்காரனுக்கே பாடமா? உக்கடம் குளத்தோரம் கிடந்த மாஸ்க்கைக் குச்சியில் தூக்கினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. மக்காத சாமான் உதிருமா?

நொய்யல்கரை: உதிர்ந்தால் மக்கியதாக ஆகிவிடாது அண்ணா. வெயில் பட்டுப் பட்டு நார் மொறுமொறுப்பாகி ஒடிகிறது. அதிலும் கிருமியைத் தடுக்கிற நடு அடுக்கு நார் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு, ஒடிந்து தண்ணீரில் கலந்தால் கண்ணுக்கே தெரியாது, நாங்கள் மைக்ரோபிளாஸ்டிக் என்பது அதைத்தான். நம்பாவிட்டால் தீக்குச்சி கிழித்துப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசமும் சாம்பலும். நீல மாஸ்க் சுருங்கி உருகி, மெழுகு வாசத்தோடு சொட்டும், ஆறினால் கெட்டி உருண்டை.

பனியன்: 2020ல் ராத்திரி பகலாக நாங்கள் தைத்துக் கொடுத்தது காட்டன் மாஸ்க், துவைத்துத் துவைத்துப் போட்டீர்களே, அதையும் கொளுத்திப் பாருங்கள். என் கண் முன்னால் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

சென்னிமலைத்தறி: நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணி தேங்கி எங்கள் பக்கத்துக் கிணறும் தென்னையும் போனபோதும் உங்கள் ஊர்க்காரர்கள் "தானாச் சரியாயிடும்" என்றுதான் சொன்னார்கள். 2011ல் ஹைகோர்ட் சாயப்பட்டறையை மூடச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. இப்போது மாஸ்க்கும் தானாக மக்குமா?

பனியன்: வந்துட்டீங்களா! எதைப் பேசினாலும் சாயத்தண்ணி. சொட்டுக் கழிவு வெளியே விடக்கூடாதென்று சுத்திகரிப்புக்குக் கோடி கோடியாகக் கொட்டியது நாங்கள். கோயமுத்தூர்ச் சாக்கடை நொய்யலில் விழுகிறதே, அதை யாராவது கேட்டீங்களா?

சிங்காநல்லூர்: ஏனுங்க, மாஸ்க்குக்கும் எங்கள் ஊர்ச் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் ஏற்றுமதி பண்ணுகிற பாலியஸ்டர் டீசர்ட்டைத் துவைத்தாலும் பிளாஸ்டிக் நார்தான் போகிறது, முதலில் அதைப் பேசுங்கள்.

பனியன்: அப்போ துணியே போடாதீங்க.

நொய்யல்கரை: பேச்சை மாத்தாதீங்க. சாக்கடைக்கும் சம்பந்தம் உண்டு சிங்காநல்லூர், தெருவில் வீசிய மாஸ்க் மழைக்கு அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போகிறது. காட்டன் மாஸ்க்கை நான் குறை சொல்லவே இல்லை. நான் கேட்பது நீல மாஸ்க். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு, முதலில் மிதக்கும், பாசி ஏறினால் அடியில் இறங்கும். குளத்து ஜிலேபி மீன் வாயில் அந்த நார் போனால், அதை வறுத்துத் தின்பது நாம்தானே? உதிர்ந்தது உதிர்ந்தது என்கிறீர்களே, உதிர்ந்த தூள் எங்கே போனது?

பனியன்: மண்ணோடு மண்ணாகப் போனது தம்பி. தொட்டுப் பார்த்தவன் நான்.

சென்னிமலைத்தறி: சாயம்கூட மண்ணோடுதான் போச்சு, கிணத்துல வந்து நின்னுச்சு.

பனியன்: மறுபடியும் சாயமா? உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

நொய்யல்கரை: என்னோடு பேசுங்கள் அண்ணா. தீக்குச்சி வைத்தீர்களா, இல்லையா?