வட்டாரக் கதைசொல்லிகள் வலையமைப்பு: உறுப்பினர்களுக்கா, ஊருக்கா?

கேள்வி: புதிய செயலாளர்

வணக்கம். பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வட்டாரக் கதைசொல்லிகள் வலையமைப்பின் செயலாளர் பொறுப்பு நான்கு மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. பதிவேட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆனால் மாதக் கூடுகைக்கு வருபவர்கள் பதினைந்து பேரைத் தாண்டுவதில்லை. கதைசொல்லலையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர். வகுப்பறையிலும் நூலகத்திலும் தங்கள் பணியின் பகுதியாகக் கதை சொல்பவர்கள் சிலர். மற்றவர்கள், தம்மிடம் உள்ள கதையைக் காது கொடுத்துக் கேட்க நான்கு பேர் கிடைத்தால் போதும் என்று வருபவர்கள். இம்மூன்று தரப்பினரின் எதிர்பார்ப்பும் ஒன்றாக இல்லை.

இதற்கிடையே பள்ளிகள், நூலகங்கள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றிலிருந்து கதைசொல்லிகளை அனுப்பச் சொல்லி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை ஊதியம் இல்லாத அழைப்புகள். ஒவ்வொரு முறையும் அதே நால்வர்தாம் போய்வருகிறார்கள். அவர்கள் களைத்துவிட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது. வட்டாரத்தின் ஓரங்களில் இருப்பவர்களோ, எல்லாம் மையத்திலேயே நடக்கிறது, சந்தா கட்டுவது மட்டுமே தங்கள் பங்கு என்று வருந்துகிறார்கள். கடந்த பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, நாம் கூடுவது உறுப்பினர்களுக்காகவா, ஊருக்காகவா என்று நேராகவே கேட்டார். பொறுப்பில் இருக்கும் எங்களில் எவருக்கும் விடை சொல்ல வரவில்லை.

என் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதங்களுக்கு முந்தைய கூடுகைக்கு முதிய உறுப்பினர் ஒருவர், தம் கதையின் திருப்பங்களை ஒரு தாளில் குறித்து, அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அறிவிப்புகள் நீண்டன, சிறப்பு விருந்தினர் குறித்த நேரத்தைக் கடந்து பேசினார், அரங்கைக் காலி செய்ய வேண்டிய வேளை வந்துவிட்டது. அவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பைக்குள் வைத்ததை நான் கண்டேன். சென்ற மாதக் கூடுகைக்கு அவர் வரவில்லை.

இத்தகைய அமைப்பை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், என் நிலையில் இருந்தால் எதை முதலில் செய்வீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: முன்னாள் ஒருங்கிணைப்பாளர்

அந்த மடித்த தாளிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கதைசொல்லிக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றை வலையமைப்பால் தர முடியும் என்றால், அது கதையின் அருமை அறிந்தவர்களின் காது. பயிற்சி, செய்திமடல், விழா, மேடை வாய்ப்பு ஆகிய எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. சந்தா கட்டிய ஒருவர் வாய் திறக்காமலே மூன்று கூடுகைகளிலிருந்து வீடு திரும்பினால், பார்வையாளராக இருப்பதற்குச் சந்தா எதற்கு என்று அவருக்கே தோன்றிவிடும். தங்கள் பதிவேட்டில் உள்ள எழுபது பேரில் ஐம்பத்தைந்து பேர் வராததற்குத் தொலைவைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

கனடாவின் டொராண்டோ நகரில் 1978இல் தொடங்கிய வெள்ளிக்கிழமைக் கதையிரவுகளை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. ‘ஆயிரத்தொரு வெள்ளி இரவுகள்’ என்ற பொருளில் பெயரிட்டு வாரந்தோறும் கூடிய அந்த வட்டத்தில், வருபவர் எவரும் எழுந்து கதை சொல்லலாம். பயிற்சிப் பள்ளியும் விழாவும் அந்த வட்டத்தினரிடமிருந்து பிற்பாடு வளர்ந்தன. பலர் விழாவை முதலில் எடுத்து, அதற்காக ஆண்டின் பாதியைச் செலவிட்டு, மாதக் கூடுகையைக் கடமைக்கு நடத்துகிறார்கள். நானும் முதல் மூன்றாண்டுகள் அப்படித்தான் செய்தேன். விழா முடிந்த மறுமாதம் ஆறு பேர் வந்தார்கள்.

அதன் பிறகு நாங்கள் கூடுகையின் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். இரண்டு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் திறந்த வட்டம். சொல்ல விரும்புபவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு குடுவையில் இடுவார். எடுத்த சீட்டுக்குரியவருக்குப் பத்து நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் நேரம் பார்ப்பவர் தம்முன் இருக்கும் சிறு மேசை விளக்கை ஏற்றுவார். ஒரு மணி நேரம் முடிந்தும் எடுக்கப்படாத சீட்டுகளை ஓர் உறையில் இட்டு ஒட்டி, அடுத்த கூடுகையில் அவற்றையே முதலில் பிரிப்போம். தன் பெயர் அந்த உறைக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர் அடுத்த மாதம் கட்டாயம் வருவார். சிறப்பு விருந்தினருக்கு இரண்டாம் பகுதியும், அறிவிப்புகளுக்குக் கடைசி ஐந்து நிமிடமும் போதும்.

கதை முடிந்தவுடன் திருத்தம் சொல்லக் கிளம்புவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சொன்னவர் கேட்டாலன்றித் திருத்தம் சொல்லக் கூடாது என்றும், கேட்டவர் மனத்தில் எது தங்கியது என்பதையே முதலில் சொல்ல வேண்டும் என்றும் விதி செய்தோம். "கிணற்றுக்குள் வாளி இறங்கும்போது நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள், அந்த மௌனத்தில்தான் கிணற்றின் ஆழம் எனக்குத் தெரிந்தது" என்று ஒரு கூடுகையில் ஓர் இளைஞர் சொன்னார். கதை சொன்ன பெண்மணி தாம் அங்கே நிறுத்தியதையே அறிந்திருக்கவில்லை. பிறகு அவர் அந்தக் கதையை எங்கு சொன்னாலும் வாளி இறங்கும் இடத்தில் காத்திருந்தார்.

உறுப்பினர்களுக்கா, ஊருக்கா என்ற கேள்வி புதியதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜோன்ஸ்பரோ என்னும் சிற்றூரில், ஜிம்மி நீல் ஸ்மித் என்னும் ஆசிரியரின் முயற்சியால் 1973 அக்டோபரில் ஒரு கதைசொல்லல் விழா தொடங்கியது. 1975இல் அதையொட்டி ஒரு தேசிய சங்கம் அமைந்தது. 1998இல் அந்தச் சங்கம் இரண்டாயிற்று: கதைசொல்லிகளான உறுப்பினர்களுக்கு ஓர் அமைப்பு, விழாவையும் மையத்தையும் நடத்த மற்றோர் அமைப்பு. எழுபது பேர் கொண்ட வலையமைப்புக்கு அத்தகைய பிரிவு தேவையில்லை. ஆனால் ஊர்ப்பணிக்கு வேறொரு பொறுப்பாளரும் தனிக் கணக்கும் இருப்பது இப்போதே நல்லது. செயலாளரே இரண்டையும் சுமந்தால், கடிதம் எழுதிக் கேட்கும் வெளியார் பக்கமே நாள் முழுவதும் போய்விடும், கேளாமல் இருக்கும் உறுப்பினர் மறந்துபோவார்.

ஓரங்களில் இருப்பவர்களுக்காக மையக் கூடுகையை இடம் மாற்றி மாற்றி நடத்திப் பார்த்தோம். அது எவருக்கும் பழகாத கூடுகையாகிவிட்டது. ஐந்து பேர் உள்ள இடத்தில் அவர்களே தங்கள் வட்டத்தைத் தொடங்கட்டும் என்று விட்டபோதுதான் வலையமைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. மார்ச் 20ஆம் நாளான உலகக் கதைசொல்லல் தினம் இதற்குப் பெரிதும் உதவும். சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய அந்த நாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொதுக் கருப்பொருள் அறிவிக்கப்படுகிறது. எல்லா வட்டங்களும் அதே நாளில் அதே கருப்பொருளில் தத்தம் இடத்தில் கதை சொல்லலாம், எவரும் மையத்துக்குப் பயணம் செய்ய வேண்டியதில்லை.

பதில்: பொருளாளராக இருந்தவர்

மேலே சொன்னவற்றோடு பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். களைத்துப்போன அந்த நால்வரும் தங்கள் கைக்காசைச் செலவழித்துப் போய்வருகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். எங்கள் வலையமைப்பில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. கணக்கைப் பார்த்த அன்றே, மதிப்பூதியம் இல்லாத நிகழ்ச்சிக்கும் பயணப்படி உண்டு, அதை அழைப்பவரிடம் கேட்பது செயலாளரின் கடமை, அவர்களால் இயலாவிட்டால் வலையமைப்பு தரும் என்று தீர்மானம் எழுதினோம்.

இன்னொன்று, தொழில்முறைக் கதைசொல்லிகளின் வயிற்றில் நாமே அடிக்கக் கூடாது. கட்டணம் தரக்கூடிய நிறுவனம் ஒன்று, வலையமைப்பிடம் கேட்டால் இலவசமாகக் கிடைக்கும் என்று பழகிவிட்டால், தொழில்முறை உறுப்பினர் பெற்றுவந்த வாய்ப்பு போய்விடும். அவர் மனக்கசப்போடு விலகுவார். அழைப்பு வந்ததும், கட்டணம் தர இயலுமா என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டு, இயலும் என்றால் விருப்பம் தெரிவித்த தொழில்முறை உறுப்பினர்கள் அனைவரின் பட்டியலையும் அனுப்புங்கள். தேர்வைச் செயற்குழு செய்யக் கூடாது. செய்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரும்.

பதில்: தொழில்முறைக் கதைசொல்லி

முன்னாள் ஒருங்கிணைப்பாளரின் கருத்தில் ஒரு பகுதியை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. எவரும் சொல்லலாம் என்ற வட்டத்துக்கு வெளியாரை அழைத்து வந்தால், முதன்முறை கேட்பவர் தயாரிப்பில்லாத மூன்று கதைகளைக் கேட்டுவிட்டு, கதைசொல்லல் என்றால் இவ்வளவுதான் என்று எண்ணிப் போய்விடுவார். திறந்த வட்டம் உறுப்பினர்களுக்குரியதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வட்டத்தில் பலமுறை சொல்லிப் பழகிய நான்கு கதைகளைத் தேர்ந்து பொதுமக்களுக்கான மாலை நிகழ்ச்சி ஒன்றை நடத்தலாம். அதில் புதியவர் ஒருவருக்குக் கட்டாயம் இடம் தர வேண்டும்; ஆனால் அவருக்கு அனுபவமுள்ள ஒருவர் முன்கூட்டியே இரண்டு அமர்வுகள் துணையிருக்க வேண்டும்.

பதில்: வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்பவர்

ஊர் என்பதைக் கேட்பவர்கள் என்று மட்டுமே இங்கு எல்லோரும் கொள்கிறோம். முதியோர் இல்லத்துக்கு நால்வர் போய்க் கதை சொல்லிவிட்டு வருவதைவிட, அங்கிருப்பவர்களிடம் கதை கேட்டுவிட்டு வருவது எளிது. அதற்குப் பயிற்சி பெற்ற கதைசொல்லி வேண்டியதில்லை, பொறுமையுள்ள எந்த உறுப்பினரும் போகலாம். களைத்த நால்வரின் சுமையும் அதனால் குறையும்.

ஆனால் பதிவு செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும். எங்கள் குழுவில் ஓர் உறுப்பினர், மூதாட்டி ஒருவர் தம் தங்கையின் திருமணம் முறிந்த கதையைச் சொன்னதைக் கைபேசியில் பதிந்து, நல்லெண்ணத்தோடு இணையத்தில் ஏற்றிவிட்டார். குடும்பத்தார் பார்த்தார்கள். பதிவை அன்றே நீக்கினோம். அந்த மூதாட்டி எங்களிடம் மறுபடி கதை சொல்லவே இல்லை. பதிந்துகொள்ள இசைவு என்பது வேறு, வெளியிட இசைவு என்பது வேறு என்பதை அதன்பின்தான் கற்றோம். சாதாரண மக்களின் உரையாடல்களைப் பதிவு செய்து, அமெரிக்காவில் 2003 முதல் இயங்கும் ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, உரையாடல் முடிந்த பிறகே பதிவை என்ன செய்யலாம் என்று பங்கேற்றவரிடம் கேட்கிறது. என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகு தரும் இசைவுக்குத்தான் மதிப்பு உண்டு.

பொது மேடையில் சொல்லும் கதைகளின் உரிமையையும் பாருங்கள். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பை எவரும் எடுத்தாளலாம். அண்மையில் வந்த அதன் மொழிபெயர்ப்பை அப்படியே ஒப்பிக்க இயலாது. இன்றைய எழுத்தாளரின் கதை என்றால், காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் பொதுவிதிப்படி அவர் வாழ்நாளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. பல நாடுகளில் அதைவிடக் கூடுதல். அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுவதில் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

பதில்: புதிய செயலாளர்

அனைவருக்கும் என் நன்றி. உறையில் சீட்டுகளை வைக்கும் முறையையும் பயணப்படித் தீர்மானத்தையும் வரும் செயற்குழுவில் முன்வைக்கிறேன். ஊர்ப்பணிக்குத் தனிப் பொறுப்பாளர் ஒருவரை ஓரப்பகுதி உறுப்பினர்களிலிருந்தே கேட்க எண்ணியுள்ளேன். பொது மாலை நிகழ்ச்சியைத் திறந்த வட்டத்திலிருந்து பிரிப்பதும் சரியென்றே படுகிறது, ஆனால் அதற்கு எங்களிடம் பழகிய கதைகள் சேர இன்னும் ஆறு மாதமாவது ஆகும்.

நேற்று அந்த முதியவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வட்டத்தின் முதல் கதை அவருடையதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாள் இன்னும் தம்மிடம்தான் இருக்கிறது என்றும், கதைக்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.