நம்ம வீட்டு வாத்தியாருங்க (வாட்ஸ்அப் குழு)

கதிர்: செல்விக்கா, ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு வலைப்பூ தொடங்கணும். 40 பசங்க. பிளாகர், வேர்ட்பிரஸ்னு ரெண்டு தளம் இருக்கே, எதுல தொடங்கலாம்?

செல்வி அக்கா: நீ பாத்த பிறகுதான் வெளிவரணும்னா வேர்ட்பிரஸ். பிளாகர்ல ஒரு பையனை எழுதுறவனா சேத்துட்டா அவனே பப்ளிஷ் பண்ணிடலாம். நடுவுல உன் அனுமதிக்கு இடமே இல்ல.

செல்வி அக்கா: வேர்ட்பிரஸ்ல எல்லாரையும் ‘பங்களிப்பாளர்’னு சேத்துடு. எழுதலாம், உன் பார்வைக்கு அனுப்பலாம். வெளியிடுற பட்டன் உன் கையில மட்டும்.

முரளி மாமா: ஒரு சிக்கல் இருக்கு. பங்களிப்பாளருக்குப் படம் ஏத்துற உரிமை கிடையாது. முதல் நாளே எல்லாரும் “சார், படம் போக மாட்டேங்குது”ன்னு வந்து நிப்பாங்க. படத்தைத் தனியா வாங்கி நீதான் ஏத்தணும்.

கதிர்: வேலை கூடுதே மாமா

முரளி மாமா: கூடட்டும். யார் முகமாவது தெரியுதான்னு அப்பவே பாத்துடலாம்ல. போன் கேமராவுல லொகேஷனை அணைச்சிட்டு எடுக்கச் சொல்லு, இல்லாட்டி எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிஞ்சு போயிடும். கூகுள்ல தேடி எடுக்குற படம் வேண்டவே வேண்டாம். தானே எடுத்தது, தானே வரைஞ்சது, இல்லன்னா விக்கிமீடியா காமன்ஸ்ங்கிற பொதுப் படத் தளத்துல இருந்து எடுத்தது. காமன்ஸ் படத்துக்குக் கீழ எடுத்தவர் பேர், உரிமம், இணைப்பு மூணும் வரணும்.

மல்லிகா அத்தை: எல்லாம் சரிப்பா. நோட்டுல எழுதுறதையே டைப் அடிக்கப் போறாங்க. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

செல்வி அக்கா: அத்தை கேட்டதுதான் கேள்வி 👏 வெறும் டைப் அடிக்கிறதா இருந்தா நோட்டே போதும். இன்னொருத்தன் படிச்சிட்டு சந்தேகம் கேக்குறான், எழுதுனவன் திரும்பி வந்து திருத்துறான் பாருங்க, நோட்டுல அது நடக்காது. பின்னூட்டத்துக்கு நேரம் ஒதுக்க முடியலன்னா வலைப்பூவை விட்டுடு கதிர்.

கதிர்: 40 பேரும் வாரா வாரம் எழுதுனா நான் எப்படிப் படிச்சு முடிப்பேன்?

செல்வி அக்கா: எழுத விடாதே. 5 பேர் வீதம் 8 குழு. வாரம் 2 குழு மட்டும் எழுதட்டும், அப்ப 10 பதிவு. மீதி 30 பேரும் ஆளுக்கு 2 பின்னூட்டம். 60 பின்னூட்டம், பதிவுக்கு 6. நாலு வாரத்துல ஒரு சுற்று முடிஞ்சிடும்.

செல்வி அக்கா: யாருக்கு யார் எழுதணும்னு பட்டியல் நீ போடு. அவங்க இஷ்டத்துக்கு விட்டா கூட்டாளி பதிவுல 20 விழும், ஓரமா உக்காந்திருக்கிற புள்ளைக்கு ஒண்ணுகூட வராது. அதோட அந்தப் புள்ள எழுதுறதையே விட்டுடும்.

மல்லிகா அத்தை: “சூப்பர்”, “அருமை”, கட்டைவிரல். இதுதான் வரும் பாரு 😄

செல்வி அக்கா: வரும் அத்தை. அதனால பின்னூட்டத்துல ரெண்டு விஷயம் கட்டாயம்னு சொல்லிடணும்: பதிவுல இருந்து ஒரு வரியைக் குறிப்பிடணும், அதைப் பத்தி ஒரு கேள்வி கேக்கணும். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணியில போட்ட சோதனைன்னு வச்சுக்கோங்க. “சுருங்கிடுச்சுன்னு எழுதியிருக்க, எத்தனை நிமிஷத்துல அளந்த? சாதா தண்ணியில ஒண்ணு போட்டு ஒப்பிட்டியா?” இப்படி வந்தா அவன் மறுபடி அளந்துதான் ஆகணும்.

முரளி மாமா: பாதி வினை தலைப்புலயே இருக்கு. அந்த உருளைக்கிழங்குச் சோதனைக்கே “ஊடுபரவல் என்றால் என்ன?”ன்னு தலைப்பு குடுத்தா 10 பேரும் ஒரே பக்கத்தை ஒட்டி வைப்பாங்க. “உன் துண்டு ஒரு மணி நேரத்துக்கு முன்னால எத்தனை மில்லிமீட்டர், பின்னால எத்தனை, பக்கத்துக் குழு அளவோட ஏன் ஒத்துப்போகல?”ன்னு கேளு. காப்பி அடிக்க எங்கேயும் கிடைக்காது. 150 முதல் 200 சொல் போதும்.

கதிர்: பின்னூட்டத்தையும் நான் பாத்துதானே விடணும்?

முரளி மாமா: ஆமா. ‘விவாதம்’ அமைப்புல “ஒவ்வொன்றையும் கைப்பட அனுமதிக்க”ங்கிறதை டிக் பண்ணு. அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கும், ஏற்கெனவே ஒரு பின்னூட்டம் ஒப்புதல் வாங்கியிருந்தா போதும்னு. அதை மட்டும் நம்பியிருந்தா ஒரு தடவை நல்ல பிள்ளையா எழுதுனவன் அடுத்தது என்ன எழுதுனாலும் நேரா ஏறிடும்.

முரளி மாமா: இன்னொண்ணு. தன் பதிவுக்குக் கீழ தானே குடுக்குற பதில் உன் ஒப்புதலுக்கு நிக்காது. சண்டை மூளுறதே அங்கதான். அந்த 10 பதிவையும் தினம் ஒரு தடவை கண்ணால பாத்துடு.

கதிர்: யார் வேணும்னாலும் படிக்கலாமா?

செல்வி அக்கா: முதல் ரெண்டு சுற்றுக்குப் ‘பிரைவேட்’. அழைச்சவங்க மட்டும் பாக்கட்டும். பெத்தவங்க கையெழுத்து வாங்கின பிறகு திறக்கலாம். அப்பவும் முழுப் பேர் வேண்டாம், குழு எண்ணும் முதலெழுத்தும் போதும். பள்ளிக்கூட வேலைன்னாலும் வீட்டு அனுமதி தனியா வேணும்.

கதிர்: வீட்டுல நெட் இல்லாதவங்க?

செல்வி அக்கா: முதல் வரைவு எல்லாருக்கும் தாள்லதான். லேப்ல டைப் மட்டும். வாரத்துக்கு 10 பேர்தானே, 10 கணினி இருந்தா ஒரு பீரியட்ல முடிஞ்சிடும். வேர்டுல இருந்து ஒட்டுனா எழுத்தோட அளவும் நிறமும் கூடவே வந்து பக்கம் கோணலாயிடும். கண்ட்ரோல், ஷிப்ட், வி மூணையும் சேத்து அழுத்தி ஒட்டச் சொல்லு.

கதிர்: மார்க்?

செல்வி அக்கா: 20-ல பதிவுக்கு 8, பின்னூட்டத்துக்கு 7, திருத்துனதுக்கு 5. எண்ணிக்கைக்கு மார்க் குடுத்துடாதே, குப்பை குவியும்.

முரளி மாமா: பருவம் முடிஞ்சதும் வலைப்பூவை ‘ஏற்றுமதி’ பண்ணி, ஒரு கோப்பா இறக்கி வை. அந்த எக்ஸ்எம்எல் கோப்புல எழுத்தும் பின்னூட்டமும்தான் இருக்கும், படம் இருக்காது. படத்தைத் தனியா இறக்கணும்.

மல்லிகா அத்தை: எழுத்துப்பிழையை யாருப்பா திருத்துறது? எல்லாரும் பாக்குற இடத்துல சிவப்பு மை அடிச்சா புள்ளைங்க கூசிப்போகும்.

செல்வி அக்கா: வெளியிடுறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு குறிப்போட திருப்பி அனுப்பிடணும் அத்தை. வெளிவந்த பிறகு கதிர் முதல் பின்னூட்டம் போடக்கூடாது. வாத்தியார் பேசிட்டா பசங்க வாயை மூடிடுவாங்க. மூணு நாள் போகட்டும், யாரும் கேக்காத கேள்வி ஏதாவது மிச்சம் இருந்தா அதை மட்டும் கேளு.

கதிர்: சரிக்கா. குழுப் பட்டியல் போட்டுட்டு இங்கேயே அனுப்புறேன், பாத்துச் சொல்லுங்க.