ஷெட்லாந்துக்குக் காரில் போனவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜூன் கடைசியில் நானும் மனைவியும் அம்மாவும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்குப் போகிறோம். அபர்டீனில் சாயங்காலம் காரோடு கப்பல் ஏறினால் காலையில் தீவுகளின் முக்கிய ஊரான லெர்விக், அதுவரை சரி. அப்புறம்தான் குழப்பம். கையில் ஒரு வாரம்கூட இல்லை, ஆனால் வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு வரை போயே ஆக வேண்டும், ஹெர்மனெஸ் முனையில் நின்று மக்கிள் ஃப்ளக்கா கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை, ஆகஸ்ட் வந்தால் பஃபின் பறவைகள் கடலுக்குப் போய்விடும் என்பதால்தான் ஜூனையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

டாஃப்டில் ஒரு ஃபெர்ரி ஏறி யெல் தீவு, அதைக் கடந்து கட்சரில் இன்னொன்று. ஒரே நாளில் லெர்விக்கிலிருந்து போய்த் திரும்புவது அம்மாவுக்கு அலைச்சலாகுமா, இல்லை அன்ஸ்டிலேயே ஓர் இரவு தங்குவது நல்லதா? அவருக்கு முட்டி வலி, ஹெர்மனெஸ் நடையோ நீளம். தெற்கே சம்பரா முனையில் அதிகம் நடக்காமலே பஃபின் பார்க்கலாம், அவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

மூசா தீவின் பழைய கல் கோபுரத்துக்கு இரவுப் படகில் போனவர்கள் யாராவது உண்டா? குளிர் எப்படி? அம்மா சைவம், லெர்விக்கைத் தாண்டினால் சாப்பாடு கிடைக்குமா, சமைக்க வசதியுள்ள வீடாகவே எடுத்துவிடலாமா? கப்பலில் கேபின் தீர்வதற்குள் முடிவு செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.