போக்கரில் 12 பெரிய பிளைண்டோடு ஆல்-இன்: ஆடத் தெரியாதவன் வேலையா?

ரிவர்ராஜா: நேற்று வேறொரு இழையில் மடக்குமணி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஆல்-இன் போடுவது ஆடத் தெரியாதவன் வேலை" என்றார், அதாவது மொத்த சிப்ஸையும் ஒரே தடவையில் பந்தயம் வைப்பது. என் கையைச் சொல்கிறேன். டோர்னமென்டில் பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் போட்டாக வேண்டிய தொகை) 1,000/2,000, பெரிய பிளைண்ட்காரர் மேசைக்கே சேர்த்துப் போடும் ஆன்டி 2,000. என்னிடம் 24,000 சிப்ஸ். பட்டனுக்கு (டீலர் இடம்) முந்தைய இடம், கையில் ஜோடி ஆறு. எனக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்ட், சீட்டை மடக்கிவிட்டார்கள். மொத்தத்தையும் தள்ளினேன். என்ன தப்பு?

மடக்குமணி: பிளைண்டும் ஆன்டியுமாக நடுவில் கிடக்கும் 5,000 பாட்-க்காக 24,000-ஐத் தூக்கி வைப்பதுதான் தப்பு. பந்தயத்தை 4,000-க்கு ஏற்றுங்கள். யாராவது மேலே ஏறினால் ஃபோல்ட். 20,000 மிஞ்சும்.

ரிவர்ராஜா: எங்கே மிஞ்சும்? பட்டன்காரர் 24,000 தள்ளினால் பாட்-இல் 33,000. நீங்கள் போட வேண்டியது 20,000. 38 சதவீதம் ஜெயித்தாலே கணக்கு சரி. அவரிடம் ஏஸ்-கிங் என்றால் ஜோடி ஆறு பாதிக்கு மேல் ஜெயிக்கும், பெரிய ஜோடி என்றால் ஐந்தில் ஒரு தடவைதான். எதை நம்பி ஃபோல்ட் செய்வீர்கள்?

மடக்குமணி: நான் செய்வேன். 20,000 மிஞ்சும்.

அமுதா: பரிசு வரிசைக்கு இன்னும் எத்தனை பேர் வெளியேற வேண்டும்? அது தெரியாமல் இரண்டு பேரும் எதைப் பேசுகிறீர்கள்?

பட்டன்பாபு: தைரியம் வேண்டும் சார். 2003 போக்கர் உலகத் தொடரில் கிறிஸ் மணிமேக்கர் ஒரு ஜோடிகூட இல்லாமல் ஆல்-இன் போட்டு, ஜோடி ஒன்பது வைத்திருந்த சாம் ஃபார்ஹாவையே ஃபோல்ட் செய்ய வைத்தார். 839 பேரில் முதலிடம், 25 லட்சம் டாலர்.

மடக்குமணி: அது ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு), இரண்டே பேர் மிச்சமிருந்தபோது போட்ட பிளஃப், வெறும் மிரட்டல். ஃபிளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) முந்தைய பேச்சில் அதை ஏன் இழுக்கிறீர்கள்? போன மாதமும் இதே கதையைச் சொல்லித்தான் இழையைக் கெடுத்தீர்கள் பாபு.

பட்டன்பாபு: கெடுத்தது நானா? பதில் சொல்ல முடியாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரிவர்ராஜா: பாபு, நடுவில் வராதீர்கள். மணி, பெரிய பிளைண்ட்காரரை மறந்துவிட்டீர்கள். உங்கள் 4,000-க்கு அவர் இன்னும் 2,000 போட்டால் போதும், 11,000 பாட். 18 சதவீதம் இருந்தாலே அவருக்குக் கட்டுப்படி. குப்பைக் கையோடும் ஃபிளாப் பார்ப்பார். ஜாக்கோ குயினோ விழும்போது உங்கள் ஆறு என்ன செய்யும்? மூன்றாவது ஆறு ஃபிளாப்பில் வருவது எட்டொன்பது தடவைக்கு ஒரு முறைதான். நான் தள்ளினால் அதே கிங்-ஜாக், குயின்-டென் எல்லாம் ஃபோல்ட் ஆகும். அந்த 5,000 என் சிப்ஸில் ஐந்தில் ஒரு பங்கு, சும்மா வருகிறது.

மடக்குமணி: பெரிய ஜோடிக்காரர் கால் செய்தால் (ஈடாகப் போட்டால்) வீட்டுக்குப் போவீர்கள். நான் 20,000-உடன் அடுத்த கையைப் பார்ப்பேன்.

அமுதா: நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

ரிவர்ராஜா: அடுத்த சுற்றில் பிளைண்டும் ஆன்டியும் சேர்ந்து அந்த 20,000-இல் 5,000-ஐத் தின்னும், அதையும் எழுதுங்கள் மணி. எழுத மாட்டீர்கள்.

மடக்குமணி: முதலில் உங்கள் 24,000 என்ன ஆயிற்று, அதைச் சொல்லுங்கள்.