கருந்துளைப் படத்தைப் பார்த்துச் சிரித்தது தவறா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்கிறேன். 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியானபோது நானும் என் அண்ணன் மகனும் அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அவன் ஏழாம் வகுப்பில் இருந்தான். "இவ்வளவு செலவழித்தும் படம் எடுத்தவருக்குக் கை ஆடிவிட்டதே, சித்தப்பா!" என்றான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உண்மையில் ஏன் மங்கலாக இருக்கிறது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. 2022 மே 12 அன்று நம்முடைய பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வந்தபோதும் இதே கதைதான். "பழைய படத்தையே மறுபடியும் அனுப்பிவிட்டார்களா?" என்றான், மறுபடியும் சிரித்தோம்.

பல ஆண்டு உழைப்பை நாம் ஒரு வரியில் கேலி செய்து கடந்துவிடுகிறோமோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறிவியல் செய்திகளைக் கேட்டவுடன் நகைச்சுவையாகப் பேசுவது அந்தத் துறையை அவமதிப்பதாகுமா? அவனுடைய இரண்டு கேள்விகளுக்கும் யாராவது எனக்குப் புரியும்படி விடை சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 (இயற்பியல் ஆசிரியர்)

ஐயா, முதலில் உங்கள் அண்ணன் மகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவன் சொன்ன இரண்டுமே மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கின்றன. கூர்ந்து பார்த்தவனுக்குத்தான் படம் மங்கலாக இருப்பதும், இரண்டு படங்களும் ஒன்றுபோல் இருப்பதும் கண்ணில் படும்.

முதல் படத்தில் இருப்பது எம்87 என்னும் விண்மீன் மண்டலத்திலுள்ள கருந்துளை. அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 650 கோடி மடங்கு. அவ்வளவு பெரியதாக இருந்தும், தொலைவின் காரணமாக அதைச் சுற்றிப் படத்தில் தெரியும் ஒளி வளையம் நம் பார்வைக்கு, நிலவின் மேல் வைத்த ஒரு டென்னிஸ் பந்தைவிடச் சற்றே பெரிதாகத்தான் தெரியும். அதை இங்கிருந்து பார்க்க வேண்டுமென்றால் பூமியளவு அகலமுள்ள தொலைநோக்கி வேண்டும். அப்படி ஒன்றைக் கட்ட முடியாது என்பதால் ஹவாய், சிலி, மெக்சிகோ, ஸ்பெயின், அரிசோனா, தென்துருவம் ஆகிய ஆறு இடங்களிலிருந்த எட்டு வானொலித் தொலைநோக்கிகளை 2017 ஏப்ரலில் ஒருங்கிணைத்து இயக்கி, அணுக் கடிகாரங்களின் துணையுடன் அவற்றின் பதிவுகளைப் பிற்பாடு ஒன்றிணைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய அலைநீளம் 1.3 மில்லிமீட்டர். அந்த அலைநீளத்தில், பூமியின் விட்டம் பிரித்துக்காட்ட அனுமதிக்கும் மிகச் சிறிய நுணுக்கம் அந்தப் பந்தில் ஏறத்தாழ பாதியளவு. வளையமே நுணுக்க அளவைப்போல் இரண்டு மடங்குதான் என்னும்போது, விளிம்புகள் கரைந்து தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? யாருடைய கையும் ஆடவில்லை. பூமி அவ்வளவுதான் பெரியது.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். பதிவான தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்கு மிகுதியாக இருந்ததால், வன்தட்டுகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தென்துருவத்தில் குளிர்காலம் முழுவதும் விமானம் இறங்க முடியாது. ஆகவே உலகின் மிகத் திறன் வாய்ந்த கணினிகளைக் கையில் வைத்திருந்தவர்கள், ஏப்ரலில் எழுதிய தட்டுகளுக்காக அவ்வாண்டு இறுதிவரை காத்திருந்தார்கள். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். சிரித்து ஓய்ந்ததும், தரவின் அளவு எவ்வளவு என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்.

இரண்டு படங்களும் ஒன்றுபோல் இருப்பது இதைவிட அழகான செய்தி. பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு மட்டுமே. எம்87-இல் உள்ளதோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. ஆனால் சுமார் 27,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒப்பீட்டளவில் மிக அருகில் இருப்பதால், வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. கருந்துளை பெரிதோ சிறிதோ, அதைச் சுற்றி ஒளி வளையும் விதம் ஒன்றே என்று ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு சொல்கிறது. அந்தப் பையன் "பழைய படமா?" என்று கேட்டானே, அந்த ஒற்றுமையைத்தான் ஆய்வாளர்கள் ஆவலோடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

பதில் 2 (உயிரியல் ஆய்வாளர்)

ஆசிரியர் அவர்களின் விளக்கம் மனநிறைவாக இருந்தது. ஆனால் நகைச்சுவையின் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும்.

2011-இல் அமெரிக்க செனட் உறுப்பினர் டாம் கோபர்ன் வெளியிட்ட ஓர் அறிக்கை, ஓடுபொறியில் இறால் ஓடும் ஆய்வை வீண்செலவுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது. இறால் மூச்சுவாங்க ஓடும் காணொளி உலகெங்கும் பரவியது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கால்களை அவ்வளவு வேகமாக அது மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஆய்வுக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையும் அந்த ஓடுபொறிக்கே செலவானதுபோல் பேச்சு திரிந்தது. உண்மையில் அதை ஆய்வாளரே கிடைத்த உதிரிப் பொருட்களைக் கொண்டு 50 டாலருக்கும் குறைவான செலவில் செய்திருந்தார். நோய்க்கிருமி தொற்றிய இறால், நீரில் உயிர்வளி குறையும்போது எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். நோயுற்ற உயிர் சோர்ந்துபோகிறதா என்று அளக்க வேண்டுமானால் அதை ஓட வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதே வகையில் பலமுறை ஏளனத்துக்கு உள்ளான இன்னோர் ஆய்வு, திருகுப்புழு ஈயின் இனச்சேர்க்கையைப் பற்றியது. தலைப்பை வாசித்தவுடனே எள்ளி நகையாடத் தோன்றும். இந்த ஈயின் புழுக்கள் உயிருள்ள கால்நடையின் புண்ணில் புகுந்து சதையைத் தின்பவை. பெண் ஈ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இணைசேரும் என்பதை எட்வர்டு நிப்ளிங் கவனித்தார். கதிர்வீச்சால் மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பெருமளவில் பறக்கவிட்டால் அந்த ஒரே வாய்ப்பும் வீணாகி இனமே அற்றுப்போகும் என்று அவரும் ரேமண்ட் புஷ்லண்டும் கணித்தார்கள். 1954-இல் குராசோ தீவில் அது நடந்தே விட்டது. பின்னர் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலிருந்தும் அந்த ஈ ஒழிக்கப்பட்டது. தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உள்ளே படித்திருந்தால், ஒரு மாடும் ஒரு புண்ணும் அங்கே இருப்பதைக் கண்டிருப்பார்கள்.

ஆகவே, ஐயா, உங்கள் வீட்டுச் சிரிப்பில் நான் குறை காணவில்லை. அந்தப் பையன் சிரித்த கையோடு "ஏன்?" என்று கேட்டான். தலைப்போடு நிறுத்திக்கொண்டு தீர்ப்பும் எழுதிவிடுகிற சிரிப்பைப் பற்றித்தான் என் கவலை. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்கும் என்று நம்பிய ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிக்கூட இயற்பியலே தெரியவில்லை என்று தலையங்கத்தில் ஏளனம் செய்தது. அப்பல்லோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே நாளிதழ் தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. கோடார்டு அதைப் படிக்க உயிரோடு இல்லை. 1945-இலேயே மறைந்துவிட்டார்.

பதில் 3 (தமிழ் மாணவி)

எனக்கு இயற்பியல் ஆழமாகத் தெரியாது என்றாலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்கள் கூறப்படுகின்றன. முந்தைய பதிலில் உள்ள கதைகள் எள்ளலில் பிறந்த நகை. சிறுவனுடைய நகையோ இளமையில் பிறந்தது. அதே இயலில் மருட்கை, அதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றிலிருந்து பிறப்பதாகவும் வருகிறது. கருந்துளையில் பெருமையும், வானத்தில் அது தெரியும் அளவில் சிறுமையும் ஒருங்கே இருக்கின்றன. அவன் சிரித்த மறுநொடியே வியந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அறிவியலாளர்கள் தம்மைப் பற்றிய சிரிப்புக்கு எப்படி இடம் கொடுக்கிறார்கள் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்தது. அங்கே 1998 முதல் இனம் தெரியாத வானொலித் துடிப்புகள் அவ்வப்போது பதிவாகி வந்தன. பகல் நேரத்தில், அதுவும் பெரும்பாலும் வேலை நாட்களில் மட்டுமே அவை வந்தன. 2015-இல் ஆய்வாளர்கள் அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பை ஓடவிட்டு, நேரம் முடியும் முன்பே கதவைத் திறந்து பார்த்தார்கள். அணையும் நொடியில் அடுப்பில் நுண்ணலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரான் வெளியிட்ட அலை கதவு வழியே கசிந்து, தேடிக்கொண்டிருந்த அதே துடிப்பாகத் தொலைநோக்கியில் விழுந்தது. இதை மறைக்காமல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். உலகமே சிரித்தது. 2007-இல் அறிவிக்கப்பட்ட உண்மையான விண்வெளித் துடிப்பு அடுப்பினால் வந்ததல்ல என்பதும் அந்த ஆய்வினால்தான் ஐயமின்றித் தெளிவாயிற்று.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு மூன்று பதில்களையும் அவனுக்குப் படித்துக்காட்டினேன். இப்போது அவன் வளர்ந்துவிட்டான். டென்னிஸ் பந்து என்றதும் எழுந்து போய் நிலவைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வந்து, "பூமி பெரிதாகாது, சரி. அலைநீளத்தைக் குறைத்தால் படம் தெளியுமா?" என்று கேட்டான். இம்முறையும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இம்முறை வெட்கமும் இல்லை.

பதில் 1 (இயற்பியல் ஆசிரியர்)

தெளியும் என்று சொல்லுங்கள். அதே குழுவினர் 0.87 மில்லிமீட்டர் அலைநீளத்தில் சோதனைப் பதிவுகளை வெற்றிகரமாக எடுத்து 2024-இல் அறிவித்துவிட்டார்கள். அந்த அலைநீளத்தில் வளிமண்டல நீராவி சமிக்ஞையைக் கூடுதலாக விழுங்கும் என்பதால் வானிலைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். பூமிக்கு வெளியே ஒரு தொலைநோக்கியை அனுப்பிவைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் இப்போதைக்கு அவனிடம் சொல்லாதீர்கள். அதை அவனே கேட்பான்.