15 ஆ 25 ஆ: ஒன்றுகூடல் வொலிபோல் பற்றி

அன்பின் ஊர் உறவுகளுக்கு,

யூலை ஒன்றுகூடலில் வொலிபோல் வைப்பது என்று முடிவாகிவிட்டது, சந்தோசம். ஆனால் செற்றுக்கு 15 புள்ளியா 25 புள்ளியா என்று மூன்று கிழமையாக மடல்கள் பறக்கின்றன. ரொறன்ரோத் தம்பிமார் உலகம் முழுக்க 25 தான் என்கிறார்கள். இலண்டன் அண்ணைமார் நம்மூர் ஆட்டம் என்றால் 15 தான், அதிலும் வடக்கில் ஆடுகிற இன்னொரு வகையான ஓவர் கேம்தான் வேண்டும் என்கிறார்கள். நடுவில் சுவிஸ் மச்சான், முதலில் முழங்கால் நோவில்லாத ஆறு பேரைக் காட்டுங்கள், புள்ளியைப் பிறகு பார்ப்போம் என்று எழுதியிருந்தார். இதுவரை வந்ததில் உருப்படியான மடல் அதுதான்.

நான் 15 பக்கம். பழசின் மேல் பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. எங்களூர் ஆட்டத்தின் குணமே அந்தக் கணக்கில் வந்தது என்பது என் எண்ணம்.

இந்த விளையாட்டை 1895 இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பவர் உண்டாக்கினார். கூடைப்பந்து ஓடிக் களைத்துப்போகிற நடுவயதுக்காரருக்காகத்தான் உண்டாக்கினாராம், சுவிஸ் மச்சான் கவனிக்க. இலங்கைக்கு 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக வந்தது. 1951 இல் இலங்கை வொலிபோல் சம்மேளனம் அமைந்தது, 1991 இல் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு வந்தபோது வன்னியில் எங்களுக்குப் பாதையும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனால் நெற் கட்டியிருந்தது.

ஏன் வொலிபோல் என்று பிள்ளைகள் கேட்டால் நான் நிலத்தைத்தான் காட்டுவேன். நமது ஊர்கள் பெரும்பாலும் குடியேற்றத் திட்டத்தில் உண்டானவை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் காணி பிரித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், தீவுப்பகுதியிலிருந்து வந்தவர்கள், 58, 77 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்று ஆளுக்கொரு பக்கத்துச் சனம். ஒரே ஊர்க்காரராக நாங்கள் பழகியது கோயிலிலும் சனசமூக நிலைய வளவிலும்தான். அந்த வளவில் 18 மீற்றருக்கு 9 மீற்றர் இடம் கிடைத்தால் போதும். ஒரு பந்து, ஒரு நெற், பன்னிரண்டு பேர். கிரிக்கெட்டுக்கு வேண்டிய வெளியை மாடும் நெல்லும் பிடித்திருந்தன. வயலால் வந்து கால் கழுவிவிட்டு ஐந்து மணிக்கு இறங்கினால் இருட்டும்வரை ஒன்றரை மணித்தியாலம் ஆடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கோட்டுக்குள் தவளைதான் ஆடும். காலபோகம் அறுத்து, சூடு அடித்து, கையில் நாலு காசு புழங்குகிற பங்குனி சித்திரையில்தான் சுற்றுப்போட்டிகள் தொடங்கும்.

பெரும்பாலும் ஞாபகார்த்தக் கிண்ணங்கள். மகனை இழந்த ஒரு தாய் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஆட்டம் பார்க்காமல் திரும்பிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

சரி, புள்ளிக்கு வருகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பழைய கணக்கில் சேர்விஸ் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி. எதிர்ப்பக்கம் அடித்து வென்றால் சேர்விஸ் கைமாறும், அவ்வளவுதான், பலகையில் ஒன்றும் ஏறாது. அதனால் செற் எப்போது முடியும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு இறுதியாட்டம் 13க்கு 13 இல் நின்றது. சேர்விஸ் அங்கும் இங்கும் மாறிக்கொண்டே இருந்தது. பெற்றோல்மக்ஸ் கொளுத்தலாம் என்றால் பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஒரு போத்தலை வொலிபோலுக்கு யார் தருவார்கள்? பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதும் மத்தியஸ்தர் விசில் ஊதி, நாளை காலை இதே 13க்கு 13 இலிருந்து என்றார்.

இரவு யாரோ வீட்டு மாடு நெற் கயிற்றை இழுத்துவிட்டது. காலையில் கட்டியபோது, நேற்று இருந்ததைவிட நெற் பணிந்துவிட்டது என்று எதிர் அணி பிடித்துக்கொண்டது. அப்போதுதான் சந்திக் கடைக்கார அண்ணை தடியைக் கொண்டு வந்தார். மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், முதிரைத் தடி. கடை முகட்டில் செருகி வைத்திருப்பார். அதில் கத்தியால் இரண்டு வெட்டு. மேல் வெட்டு 2.43 மீற்றர், ஆண்களுக்கு. கீழ் வெட்டு 2.24, பெண்பிள்ளைகளுக்கு. விளையாட்டு மாஸ்டர் அளந்து போட்டுக்கொடுத்தது. நெற்றின் நடுவில் தடியை நிறுத்தினார்கள், மேல் வெட்டோடு சரியாக நின்றது. எதிர் அணி வாய் திறக்கவில்லை. செற்றையும் கிண்ணத்தையும் அவர்கள்தான் கொண்டுபோனார்கள் என்பது வேறு கதை.

கீழ் வெட்டைப் பற்றி இந்தக் குழுவில் ஒருவரும் இதுவரை எழுதவில்லை. அது சும்மா போட்ட வெட்டில்லை, அந்த உயரத்தில் ஆடியவர்கள் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேராவது இந்த மடலை வாசிப்பீர்கள். அக்காமார், உங்கள் ஆட்டத்தை நாங்கள் எழுதினால் பிழையாக எழுதுவோம், நீங்களே எழுதுங்கள்.

பந்துக்கு வருவோம். கொழும்புப் பந்து ஒன்று வந்தால் அது மூன்று வருடமாவது உழைக்க வேண்டும். தையல் விட்டால் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த வலை நூலால் தைத்தோம். பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் ரியூப் மாதிரி ஒட்டு. அந்த ஒட்டுப்பட்ட இடம் பாரமாக இருக்கும், பந்து காற்றில் ஒரு பக்கம் வளைந்து போகும். எங்கள் சேர்விஸ்காரர் ஒட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துத்தான் போடுவார். வெளியூர் அணிகள் அதைச் சூனியம் என்றார்கள். கோடு போட அடுப்புச் சாம்பல். நெற்றும் பாதி மீன் வலைதான், உச்சியில் மாத்துச் சீலைப்பட்டி.

இப்போது நான் 15 பக்கம் நிற்கிற காரணம். 1998 இல் உலகச் சம்மேளனம் கணக்கை மாற்றியது. யார் சேர்விஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, செற் 25. தொலைக்காட்சிக்காரருக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிய வேண்டுமாம். நாங்கள் கேள்விப்பட்டோம், பழகவில்லை. 2002 இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்ததும் வவுனியாவுக்கு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு மினிபஸ் பிடித்துப் போனோம். புளியங்குளத்தில் சோதனைக்கு இறங்கி ஏறி, ஓமந்தையில் இறங்கி ஏறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் சேர்விஸ்காரர் வழக்கம்போல் முழு வேகத்தில் பாய்ந்து அடித்தார். பழைய கணக்கில் அது சரியான ஆட்டம். சேர்விஸ் வெளியே போனால் கைமாறும், புள்ளி போகாது, அதனால் துணிந்து அடிக்கலாம். அன்று அவர் அடித்ததில் நான்கு வெளியே, நான்கும் அவர்களுக்குப் புள்ளி. அவர் ஒவ்வொரு முறையும் பலகையைத் திரும்பிப் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. இன்னொன்று, நெற்றில் பட்டு அங்கால் விழுகிற சேர்விஸும் அதற்குள் ஆட்டத்தில் சேர்த்தி ஆகியிருந்தது. அவர்களின் பந்து நெற்றில் உரசி எங்கள் பக்கம் விழ, ஆறு பேரும் விசில் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். விசில் வந்தது, புள்ளி அவர்களுக்கு.

செற் இருபது நிமிடத்தில் முடிந்தது. எங்கள் கையில் இருந்தது நீண்டு நிற்கிற ஆட்டம். 4க்கு 12 என்று பின்னால் நின்றாலும், சேர்விஸைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஆடுவது. புதுக் கணக்கு மோசம் என்று சொல்ல வரவில்லை. இருட்டுவதற்குள் இறுதியாட்டம் முடிகிறதே, ஊருக்கு அது நன்மைதான். இன்று ஊரில் பிரதேச மட்டம், மாவட்ட மட்டம், மாகாண மட்டம் என்று போகிற பிள்ளைகள் 25 தான் ஆடுகிறார்கள், ஆடத்தான் வேண்டும்.

ஓவர் கேம் விசயத்தில் மட்டும் இலண்டன் அண்ணைமாரோடு நான் இல்லை. வடக்கில் அதுவும் உண்டு, செற்றப்பும் உண்டு, இரண்டுக்கும் தனித்தனியே போட்டி வைக்கிறார்கள். ஆனால் எங்கள் வளவில் எங்கள் காலத்தில் ஆடியது செற்றப். ஒருவர் எடுக்க, ஒருவர் தூக்க, ஒருவர் அடிக்க. அதற்கு முந்தியவர்கள் ஓவர் ஆடியிருந்தால் எழுதுங்கள், சேர்த்துக்கொள்வோம்.

ஆகவே என் யோசனை: பிள்ளைகளுக்கு 25. நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு செற், 15, சேர்விஸ் மாறுகிற பழைய கணக்கில். மண்டபத்துக்குக் காசு கட்டிய நேரம் முடிந்தால் அப்படியே நிறுத்தி அடுத்த வருடம் தொடரலாம், நமக்கு அது புதிதில்லை.

கடைசியாகத் தடி. 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது கடைக்கார அண்ணை நெற்றால் உழவு இயந்திரப் பெட்டிச் சாமான்களை இறுக்கிக் கட்டி, தடியையும் மேலே செருகிக்கொண்டு போனாராம். விசுவமடுவில் தறப்பாள் கட்ட அதை நட்டதாகத் தம்பி சொன்னான். அங்கிருந்து வெளிக்கிட்டபோது பிடுங்கி எடுக்க நேரம் இருக்கவில்லை. கிண்ணங்களில் மூன்றை வளவில் புதைத்திருந்தார்கள். 2010 இல் மீளக்குடியேறித் தோண்டியபோது இரண்டு கிடைத்தன, கறுத்துப்போய், எழுத்து வாசிக்க முடியாமல். எந்த வருடத்துக் கிண்ணம் என்று யாருக்காவது தெரிந்தால், அல்லது கையில் பழைய படம் இருந்தால், தயவுசெய்து குழுவுக்கு அனுப்புங்கள்.

நெற் என் பொறுப்பு. தடி ஒன்றும் வாங்கி இரண்டு வெட்டும் போட்டுக் கொண்டு வருகிறேன். கம்பங்கள் யார் கொண்டு வருகிறீர்கள்?